ஆடிட் கை

எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த பெண்ணுக்கு இடது கையில் மூன்று விரல்கள் இல்லை. ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் இது யாரையும் திரும்பிப் பார்க்க வைக்காது. மளிகைக் கடையில் மிச்சச் சில்லறைக்கு நீளும் கைகளில் ஏதாவது ஒன்று அப்படி இருக்கும். கடைக்காரர் சில்லறையை அந்தக் கையில் கொடுக்காமல் மேசைமேல் வைப்பார். அது இங்கே மரியாதை.

அவள் ஊத்தங்கரைப் பக்கத்துக்காரி. கணவன் விட்டுப் போன பிறகு பள்ளிக்கூடம் போகும் மகளோடு ஓசூருக்கு வந்து, வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஒரு சிறிய தொழிற்சாலையில் பவர் பிரஸ்ஸில் நின்றாள். இரும்புத் தகட்டை ஒரே அடியில் வெட்டி வளைக்கும் இயந்திரம் அது. கீழே ஓர் அச்சு, மேலிருந்து இறங்கும் இன்னோர் அச்சு. நடுவில் தகட்டை வைக்க வேண்டும், அடி விழுந்ததும் எடுக்க வேண்டும். வைக்கிறதும் எடுக்கிறதும் கை.

நான் பல வருடங்கள் ஒரு நாளிதழின் மாவட்டச் செய்திப் பிரிவில் இருந்தேன். இந்த மாதிரி விபத்துக்குச் செய்தி ஒரு பத்தியைத் தாண்டாது. பெண்ணின் வயது, ஊர், ‘தனியார் தொழிற்சாலை’, இயந்திரத்தில் சிக்கிய கை, மருத்துவமனை, போலீசார் விசாரணை. கை ஏன் அங்கே போனது என்ற கேள்விக்குப் பத்தியில் இடம் இருக்காது. வேலையை விட்ட பிறகு வீட்டிலிருந்தபடி மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பெங்களூரிலிருந்து ஒரு நடனக் கலைஞர் என்னைத் தேடி வந்தார்.

நவீன நடனம் என்றார். தொழிற்சாலைகளில் உடம்புக்கு நடப்பதைப் பற்றி ஒரு நிகழ்ச்சி செய்யப் போகிறார். அதற்கு நடனம் பயின்றவர்கள் வேண்டாம், அடிபட்டவர்களே வேண்டும். அவருக்குக் கன்னடமும் ஆங்கிலமும் நன்றாக வரும், தமிழ் தட்டுத் தடுமாறும். ஞாயிற்றுக்கிழமைகளில் கூட இருந்து மொழிபெயர்க்க வேண்டும் என்று கேட்டார். ஒப்புக்கொண்டேன். மாடியில் இருந்தவளிடம் சொன்னேன். அவள் அப்போது வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டிருந்தாள். விபத்தைப் பற்றிய கம்பெனி விசாரணை முடியும்வரை உள்ளே விட மாட்டார்கள்.

“இங்க உக்காந்து செவுத்தப் பாக்கறதுக்கு அங்க வந்து பாக்கறேன்க்கா” என்றாள்.

ஒரு பாயின் ஹார்டுவேர் கடைக்கு மேலே நீளமான ஓர் அறை. முன்பு அங்கே தையல் வகுப்பு நடந்ததாம், சுவரில் இன்னும் ஒரு ஜாக்கெட் அளவுப் படம் ஒட்டியிருந்தது. முதல் ஞாயிறு நாலைந்து பெண்கள் வந்தார்கள். அவர்களில் ஒருத்தி தேன்கனிக்கோட்டைக்காரி; மாடிப் பெண்ணோடு ஒரே வரிசையில் பிரஸ்ஸில் நின்றவள். வாய் ஓயாது.

நடனக் கலைஞர் முதலில் தானே செய்து காட்டினார். பாட்டு இல்லை, சலங்கை இல்லை. கறுப்புப் பேண்ட், கறுப்புச் சட்டை. நின்றார், அப்படியே விழுந்தார். எழுந்தார், விழுந்தார். விழும்போது கையை ஊன்றவில்லை, தோள் முதலில் தரையைத் தொட்டது. முகத்தில் எதுவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து பாய் படியேறி வந்துவிட்டார்.

“ஏம்மா, மேல சிமெண்ட் மூட்டை எறக்கறீங்களா? கீழ டியூப் லைட்டு ஆடுதும்மா.”

“டான்ஸ் பாய்” என்றாள் தேன்கனிக்கோட்டைக்காரி.

“டான்ஸா? பாட்டைக் காணோமே?”

“பாட்டு பெங்களூர்ல இருந்து அடுத்த பஸ்ல வருதாம். நீங்க போங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நடனக் கலைஞரும் மூச்சிரைக்கச் சிரித்தார். பிறகு என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். பழைய நடனங்களில் துக்கத்துக்கு என்று ஒரு முகம் இருக்கிறது, ஒரு கை இருக்கிறது. பார்க்கிறவருக்கு அது தெரியும். தெரிந்துவிட்டதால் நிம்மதியாக உட்கார்ந்து பார்ப்பார். எனக்கு அந்த நிம்மதி வேண்டாம். யாரும் அழ வேண்டாம், வலியை நடிக்க வேண்டாம். இயந்திரம் இல்லாமல் உங்கள் வேலையைச் செய்து காட்டுங்கள். நான் நிறுத்தச் சொல்லும்வரை செய்யுங்கள்.

“அவ்ளோதானா? இத தெனம் செய்றோமே” என்றாள் ஒருத்தி.

மற்றவர்கள் கொஞ்சம் செய்துவிட்டுச் சிரித்து உட்கார்ந்தார்கள். மாடிப் பெண் மட்டும் செய்துகொண்டே இருந்தாள். கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, இடுப்பை லேசாக முன்னால் தள்ளி நின்றாள். வலது உள்ளங்கை காற்றில் ஓர் இடத்தில் இறங்கியது. அது ஏறுவதற்குள் இடது கை முன்னே போய் எதையோ எடுத்து, வேறொன்றை வைத்துத் திரும்பியது. மறுபடி வலது, மறுபடி இடது. இரண்டு கைகளுக்கும் நடுவில் இடைவெளியே இல்லை. கண் கைகளைப் பார்க்கவில்லை; எதிர்ச் சுவரில் ஒரு புள்ளியில் இருந்தது.

“நில்லிஸ்பேடா” என்றார் நடனக் கலைஞர் மெதுவாக. நிறுத்தாதே. இத்தனை வருட ஓசூர் வாசத்தில் அந்தக் கன்னடம் அவளுக்குப் புரியும்.

முதலில் எங்களுக்குச் சலிப்பாக இருந்தது. பிறகு ஒருத்தி காலை மாற்றி வைத்து உட்கார்ந்தாள். பிறகு யாரும் அசையவில்லை. அவளுடைய மூச்சு வலது கையோடு சேர்ந்துகொண்டது. கை இறங்கும்போது மூக்கிலிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. வேர்வை மோவாயில் சேர்ந்து சொட்டியது. அடுத்த முறை, அடுத்த முறை என்று நாங்கள் எல்லோரும் அந்த ஒன்றுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறோம் என்பது எனக்குத் தெரிந்தது. அந்தக் காத்திருப்புத்தான் தாங்க முடியாததாக இருந்தது. ஒரு முறை இடது கை உள்ளே போய்த் திரும்பவில்லை. வலது கை இறங்கிவிட்டது. அவள் கத்தவில்லை, முகம் மாறவில்லை. இடது தோள் மட்டும் பின்னால் இழுத்துக்கொண்டது; கை வரவில்லை. மறுபடி இழுத்தாள். பிறகு அந்தக் கையைப் பக்கத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, வலது கையால் அதே வேலையைத் தொடர்ந்து செய்தாள்.

நடனக் கலைஞர் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அழக்கூடாதுன்னு சொல்லிட்டு அவங்க ஏன்க்கா அழுவறாங்க?” என்று என்னிடம் கேட்டாள் அவள்.

அன்று திரும்பி நடக்கும்போது நான் ஒன்றைக் கேட்டேன். பவர் பிரஸ்களைப் பற்றி எழுதும்போது தெரிந்துகொண்ட விவரம் அது. அந்த இயந்திரத்தில் இரண்டு பட்டன்கள் இருக்கும், இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அடி விழும். இரண்டு கைகளும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் உள்ளே இருக்காது, பாதுகாப்பே அதுதான். ஆனால் இவள் வலது கையால் மட்டுமே அழுத்தினாள்.

அவள் நின்றுவிட்டாள். தெருவில் யாராவது வருகிறார்களா என்று பார்த்துவிட்டுச் சொன்னாள்.

இடது பட்டனில் அட்டையை மடித்து வைத்து அழுத்தி, மேலே டேப் ஒட்டிவிடுவார்கள். அது எப்போதும் அழுத்தியபடியே இருக்கும். வலது பட்டன் ஒன்றே போதும், இடது கை சும்மா ஆகிவிடும். அச்சு மாட்டுகிற செட்டர் ஷிப்ட் தொடங்கும்போதே ஒட்டிவிட்டுப் போவான். ஒட்டாமல் டார்கெட் வராது. வெளியிலிருந்து ஆடிட் வரும் நாளில் மட்டும் டேப்பைப் பிய்த்துவிடுவார்கள். அன்றைக்கு எல்லோரும் இரண்டு கைகளாலும் அழுத்தி, மேலச்சு முழுக்க ஏறும்வரை நின்று, பிறகு எடுத்து வைப்பார்கள். அன்றைக்கு டார்கெட்டும் குறைவு. அந்த வேலைக்கு அந்த வரிசையில் ஒரு பெயர் இருந்தது: ஆடிட் கை. ஆடிட்காரர்களின் வண்டி வெளியே போனதும் செட்டர் டேப்போடு வந்துவிடுவான்.

“விசாரணையில இத சொன்னியா?”

“சொல்லலக்கா.”

அவள்மேல் இருந்த குற்றச்சாட்டே அதுதான். பாதுகாப்புச் சாதனத்தை அவளே செயலிழக்கச் செய்தாள், விபத்துக்கு அவளே காரணம். நிரூபணமானால் வேலை போய்விடும். செட்டர் ஒட்டினான் என்றால் அவன் இல்லை என்பான், சூப்பர்வைசர் அவன் பக்கம் நிற்பார். வரிசையில் இருக்கிற மற்றவர்கள் வாயைத் திறந்தால் அவர்களும் டேப்போடு வேலை செய்தவர்களாகிவிடுவார்கள். அதனால் மூத்த தொழிலாளி ஒருவர் சொல்லிக் கொடுத்தபடி பேசியிருந்தாள். ரெண்டு கையும் பட்டன்லதான் இருந்துச்சு. அடி விழுந்து மேல ஏறிச்சு. பீஸை எடுக்கக் கைய விட்டேன். மிஷின் தானா இன்னொரு அடி அடிச்சிருச்சு.

அப்படி நடப்பதும் உண்டு. பழைய இயந்திரங்களில் நடந்திருக்கிறது. இவளுக்கு நடக்கவில்லை, அவ்வளவுதான்.

விசாரணையில் தப்பினால் பேக்கிங் பிரிவில் உட்கார வைப்பதாக வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார்கள். தப்பாவிட்டால் இந்தக் கையோடு வேறு எந்தக் கேட்டிலும் உள்ளே விட மாட்டார்கள். ஊரில் அம்மாவிடம் இருப்பது மழையை நம்பிய கொள்ளு நிலம். மகள் இங்கே பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள்.

“அடுத்த தடவ மிஷின் கிட்டயே கூட்டிப் போறாங்களாம். கரண்ட்ட நிறுத்திட்டு, நீ எப்படி செஞ்சியோ அப்படியே செஞ்சு காட்டுன்னு சொல்வாங்களாம்.” கொஞ்சம் நடந்தாள். “இன்னிக்கு மேல செஞ்சனே, அதே மாதிரி அங்கயும் வந்துடும்க்கா. நான் ஆடிட் கைதான் செய்யணும்னு நெனச்சிக்கினுதான் ஆரம்பிச்சேன். அதுவா ஒத்தக் கை ஆயிருச்சு.”

அடுத்த ஞாயிறு அவள் நடனக் கலைஞரிடம் நேராகக் கேட்டாள். நான் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தேன்.

“மேடம், எனக்கு ரெண்டு கைல அழுத்தப் பழக்கி விடுங்க.”

அவருக்கு முழு விஷயமும் புரிய நேரமானது. புரிந்ததும் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். என் வேலை உடம்பில் இருக்கிற நிஜத்தை வெளியே கொண்டு வருவது. அதை மூடி வைத்து உடம்புக்குப் பொய் சொல்லிக் கொடுக்க என்னால் முடியாது என்றார் ஆங்கிலத்தில். பிறகு அவரே தன் தமிழில், “அது வேண்டா மா. நீங்க போன வாரம் செஞ்சது... அது ரொம்ப ட்ரூ மா. அத அழிக்கக் கூடாது” என்றார்.

“உண்மைதான் மேடம். அதனாலதான் வேலை போவப் போவுது.”

“நாம கோர்ட்டுக்குப் போலாம். பேப்பர்ல எழுதலாம். இந்த மேடம் இருக்காங்க...”

அவள் என்னைப் பார்த்தாள். நான் எதையும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

தேன்கனிக்கோட்டைக்காரிதான் பேசினாள். “எங்க ஊர்ல யானை ராகிய மிதிச்சா ஃபாரஸ்ட்காரங்க வந்து போட்டோ எடுப்பாங்க மேடம். மிதிச்சது யானைதான்னு ஒத்துக்குவாங்க. இங்க பிரஸ் மிதிச்சா, நீ ஏன் அதுங்கிட்ட கையைக் குடுத்தன்னு கேக்கறாங்க. நீங்க கோர்ட்டுக்குப் போற வரைக்கும் இவ என்னத்த தின்றது?”

அன்று எதுவும் நடக்கவில்லை. நடனக் கலைஞர் சீக்கிரமே பெங்களூருக்குக் கிளம்பிவிட்டார். இனி வரமாட்டார் என்று நினைத்தேன். ஆனால் மறுவாரம் நாங்கள் படியேறியபோது அவர் முன்பே வந்திருந்தார். பாயிடம் கேட்டு ஒரு மேசையை வாங்கி நடுவில் போட்டு, அதன் இரு ஓரங்களிலும் எவர்சில்வர் டப்பா மூடிகளைக் கவிழ்த்து ஒட்டியிருந்தார். மூடிகள்தான் பட்டன்கள். நடுவில் அச்சுக்குப் பதிலாக ஒரு மடித்த துணி.

“ஹேளு” என்றார் அவளிடம். சொல். “ஆடிட் கை எப்படி?”

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் நான் பார்த்தது நடனமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் நடனத்துக்கு என்னென்ன செய்வார்களோ அத்தனையும் செய்தார்கள். எடையை எந்தக் காலில் வைப்பது, மூச்சை எப்போது விடுவது, மேலச்சு ஏறும்வரை காத்திருக்கும் நேரத்தில் தோள்கள் என்ன செய்ய வேண்டும். அவள் இரண்டு கைகளையும் மூடிகள்மேல் இறக்குவாள். முதல் சில முறை சரியாக வரும். சற்றே வேகம் கூடினால் இடது கை மூடியை விட்டுவிட்டு நடுவே போய்விடும். இரண்டு விரல்கள் மட்டுமே உள்ள கை, துணியின்மேல் போய் எதையோ எடுக்கும். நடனக் கலைஞர் பின்னால் நின்று அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். பிடித்த பிடியில் அது துடிக்கும். குழந்தையின் கையை அடுப்பிலிருந்து இழுப்பது போல இழுத்து மூடிமேல் வைப்பார். “இன்னொம்மே.” இன்னொரு முறை.

விரல் போன இடத்தில் தோல் இன்னும் இளசாக இருந்தது. மூடியின் விளிம்பு பட்டால் அவளுக்கு மின்சாரம் போல ஏறும். அப்போதுகூட அவள் முகம் மாறவில்லை. முகத்தில் வலியைக் காட்ட வேண்டாம் என்று முதல் நாள் சொல்லியிருந்தாரே, அதை அவள் ஒரு விதியாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

“வலிச்சா சொல்லு மா” என்றார் ஒரு நாள் நடனக் கலைஞர்.

“விசாரணையில வலிச்சா சொல்ல முடியுமா மேடம்? போடுங்க.”

மற்றப் பெண்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். தேன்கனிக்கோட்டைக்காரி மட்டும் வந்தாள். விசாரணையில் உடன் இருக்க ஓர் ஆளை அழைத்துப் போகலாம், அது அவள்தான். சுவரோரம் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்தபடி சூப்பர்வைசராக நடிப்பாள். “ஏம்மா, நீ கையில மருதாணி வெச்சிக்கினு வந்தியா? ஏன் இப்படி அசஞ்சு அசஞ்சு வைக்கற?” என்று அதட்டுவாள். சூப்பர்வைசரின் குரல் அப்படியே வரும். மாடிப் பெண் சிரிப்பாள், கை தவறாது. சிரிக்கும்போதும் கை தவறாத நாளில் நடனக் கலைஞர் கை தட்டினார். அவர் முகம் மட்டும் வெளுத்திருந்தது.

அன்று படியிறங்கும்போது என்னிடம் சொன்னார். முதல் நாள் அவளிடமிருந்து வந்த அந்த நடனத்தைத் தேடித்தான் இத்தனை வருடம் ஆட வந்தேன். இப்போது அதை என் கையாலேயே எடுத்துப் போட்டுவிட்டேன். இனி அவள் ஒரு நல்ல ஆபரேட்டர், அவ்வளவுதான்.

விசாரணையன்று நான் அங்கே இல்லை. வெளியாட்களை விட மாட்டார்கள். மாலையில் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் இருவரும் சொன்னதைக் கேட்டுக்கொண்டேன். ஒருத்தி விட்ட இடத்தில் மற்றவள் தொடர்ந்தாள். இரண்டு பேர் சொன்னதிலும் முரண் இல்லை.

விசாரணை அதிகாரி வெளியிலிருந்து நிறுவனம் அமர்த்திய வக்கீல். இயந்திரத்தின் முன் அவளை நிறுத்தினார்கள். கரண்ட் இல்லை. டேப் இருந்த அடையாளம்கூட இல்லாமல் இடது பட்டன் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. அவள் காலை அகட்டி நின்றாள், மூச்சை விட்டாள், இரண்டு கைகளையும் இறக்கினாள். காத்திருந்தாள். எடுத்தாள், வைத்தாள். மறுபடி இரண்டு கைகள். ஒரு முறைகூட இடது கை முந்தவில்லை.

“நானே நம்பிட்டேன்க்கா” என்றாள் தேன்கனிக்கோட்டைக்காரி. “டேப்பே போடாத கம்பெனி போல இருக்குதுன்னு நெனச்சேன்.”

அதிகாரி எழுதிக்கொண்டிருந்தார். அப்போது தயாரிப்புப் பிரிவு மேலாளர், “இன்னும் கொஞ்ச நேரம் செய்யும்மா, நிறுத்தாத” என்றார். அவள் செய்தாள். மேலாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அதிகாரியிடம் திரும்பினார். “சார், விபத்தன்னிக்கு மத்தியானத்துக்குள்ளயே இந்தம்மா டார்கெட்ட முடிச்சிருந்தாங்க. நல்ல ஆபரேட்டர் சார். இப்ப இவங்க காட்ற வேகத்துல பாருங்க. ஆடிட் கையில டார்கெட் எங்க சார் வரும்?”

அதிகாரி பேனாவை நிறுத்தினார். “அது என்ன ஆடிட் கை?”

மேலாளர் கடிகாரத்தை விட்டுவிட்டு சூப்பர்வைசரைப் பார்த்தாராம்.

“அது... இவங்களுக்குள்ள ஏதோ பேசிக்கறது சார்” என்றார் மேலாளர்.

“சார், அத எழுதுங்க சார்” என்று தேன்கனிக்கோட்டைக்காரி முன்னால் போனாள். “இவருக்கு எப்படித் தெரியும்னு கேளுங்க. ஆடிட் கையில டார்கெட் வராதுன்னு இவருக்கே தெரியுது இல்ல, அப்ப தெனமும் எந்தக் கையில வந்துச்சுன்னு கேளுங்க.” பின்னாலிருந்து சூப்பர்வைசர் அவள் துப்பட்டாவை இழுத்து, “ஊருக்கோ, ஊருக்கோ” என்று தெலுங்கில் முணுமுணுத்தாராம். சும்மா இரு.

அதிகாரி ஒரு கணம் மேலாளரைப் பார்த்தார். அந்த ஒரு கணம் தனக்கு நம்பிக்கை வந்தது என்றாள் மாடிப் பெண். பிறகு அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “எழுத வேண்டியத நான் எழுதறேன்மா” என்றார். எழுதியது இது: பணியாளர் செய்து காட்டிய முறையில் அன்றைய உற்பத்தி சாத்தியமில்லை, எனவே அவர் உண்மைக்கு மாறாகச் செய்து காட்டினார், பாதுகாப்புச் சாதனத்தை அகற்றியே பணி செய்திருக்கிறார்.

டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

“அப்பவே நிஜத்தைச் சொல்லியிருந்தா?” என்று கேட்டேன். செய்தியாளர் கேட்கும் கேள்வி அது, பழக்கத்தில் வந்துவிட்டது.

“அதுக்கும் இதேதான்க்கா எழுதியிருப்பாரு” என்றாள். குரலில் கோபம் இல்லை.

வேலைநீக்க உத்தரவு தபாலில் வந்தது. மகளை அதே பள்ளிக்கூடத்தில் வைத்திருக்க வேண்டும் என்பதற்காக அவள் ஊருக்குப் போகவில்லை. தினமும் காலையில் சீருடை இல்லாமல் சாதாரணப் புடவையில் கிளம்பி, தொழிற்பேட்டைக் கேட்டுகளில் நின்றுவிட்டு வெயில் ஏறியதும் திரும்பி வருவாள். ஆள் எடுக்கிற ஒப்பந்தக்காரர்கள் கை காட்டச் சொல்வார்கள். காட்டினால் அடுத்தவளைக் கூப்பிடுவார்கள். சில நாள் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிடுவாள். நான் கதவைத் திறந்தால் எழுந்து போய்விடுவாள். சமையல் சத்தம் கேட்காத நாள்களும் இருந்தன.

நடனக் கலைஞருக்கு நான்தான் தொலைபேசியில் சொன்னேன். இனி மறைக்க எதுவும் இல்லையே, அவளை அழைத்து வர முடியுமா, பெங்களூர் நிகழ்ச்சியில் அவள் அந்த முதல் நாள் நடனத்தைச் செய்யட்டும், ஊரே பார்க்கட்டும் என்றார். அவர் குரலில் இருந்தது சுயநலம் என்று மட்டும் எழுதினால் அது தவறான செய்தி. இந்த அநியாயத்துக்கு அவரிடம் இருந்த ஒரே பதில் அதுதான்.

அந்த ஞாயிறு அறையில் நாங்கள் மூன்று பேர்தான். மேசையையும் மூடிகளையும் பாய் கீழே எடுத்துப் போயிருந்தார். அவள் வெறும் தரையில் நின்றாள்.

“மொதல்ல செஞ்சீங்க இல்ல, அதே” என்றார் நடனக் கலைஞர்.

“எந்தக் கை வேணும் மேடம்?”

அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. அவளே தொடங்கினாள்.

இரண்டு கைகளும் எழுந்தன. இரண்டும் சேர்ந்து இறங்கின. அவள் நின்று தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி தொடங்கினாள். மறுபடியும் இரண்டு. மூன்றாம் முறை இடது கையைத் தடுக்க முயன்றாள். அது பாதி வழியில் நின்றது. பட்டனுக்கும் போகவில்லை, அச்சுக்கும் போகவில்லை. காற்றில் அங்கேயே நின்று நடுங்கியது. வலது கை தன் பாட்டுக்கு இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறை வலது இறங்கும்போதும் இடது ஒரு திசையில் வெட்டி இழுத்தது. ஒரு முறை பின்னுக்கு, ஒரு முறை நடுவுக்கு. தோள் அதோடு சேர்ந்து திருகியது, பிறகு கழுத்து. வேகம் தானாகவே கூடியது. அவள் கண் இப்போது சுவரில் இல்லை. தன் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வேறு யாருடையதையோ பார்ப்பது போல. முதல் நாள் நாங்கள் காத்திருந்தது எப்போது அடி விழும் என்று. இப்போது அது விழுந்துகொண்டே இருந்தது.

நடனக் கலைஞர் தரையில் மண்டியிட்டுவிட்டார். “இதேதான்” என்றார் கிசுகிசுப்பாக. “மேடம், இத அப்டியே வெச்சிக்கச் சொல்லுங்க. இதுதான். மாத்த வேண்டாம்னு சொல்லுங்க.”

நான் சொல்லவில்லை. அவளுக்கே புரிந்திருந்தது. நிறுத்தினாள். இடது கையை வலது கையால் பிடித்து மார்போடு வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

“இது டான்ஸு இல்லன்னு சொல்லுங்கக்கா. எனக்கு வேலை மறந்துபோச்சு. அவ்ளோதான்.”

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

“ஷோ எந்தக் கெழமன்னு கேளுங்க.”

கேட்டேன். சனிக்கிழமை என்றார்.

“முடியாது. திங்கள்ல இருந்து வேலைக்குப் போறேன்.”

எனக்கே அது புதுச் செய்தி. எல்லைச் சாவடி தாண்டி கர்நாடகப் பக்கத்தில் ஒரு ஷெட்டாம். தேன்கனிக்கோட்டைக்காரி தெரிந்தவர் மூலம் சொல்லி வைத்திருக்கிறாள். சின்ன இடம், கையைக் காட்டச் சொல்லவில்லை. பேக்கிங்கா என்று கேட்டேன். இல்லை, பிரஸ்தான் என்றாள். இத்தனை வருடம் பிரஸ்ஸில் நின்றவள் என்பதால்தான் எடுத்துக்கொண்டார்களாம்.

“ரெண்டு பட்டன் இருக்குதா?”

“பட்டனே இல்லக்கா. பழைய மிஷினு. கால்ல மிதிக்கிற பெடல்.”

நடனக் கலைஞர் என் முகத்தைப் பார்த்து, அவள் என்ன சொன்னாள் என்று கேட்டார். காலால் மிதித்தால் அடி விழும், இரண்டு கைகளும் சும்மா இருக்கும், இரண்டும் உள்ளே போகும் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கத் தொடங்கியிருந்தாள். திங்கட்கிழமை ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், மகளின் யூனிபார்மை இன்றைக்கே துவைத்துப் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனாள்.